பேரைப் பார்க்கவா, பிள்ளையைப் பார்க்கவா?

('பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியின் பெயரையா, பிள்ளையின் பொருத்தத்தையா?' என்னும் தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'பொருத்தத்தையே' என்ற அணியில் ஆற்றிய உரை)

தான் பேசி முடித்துவிட்டு, 'இதற்கு மேல் இந்த மனுஷன் என்ன பேசிவிடப் போகிறார்' என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! கையில் முறுக்குத் தட்டோடு வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார்கள். "நல்ல பேர் வாங்கிய கல்லூரி ஓர் ஆலமரம். அதன் நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்" என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல தமிழை யார் பேசினாலும் கைதட்டுவது என் தொழில். அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். (சிரிப்பு) ஆனால், அம்மா, நான் கிராமத்துக்காரன். எனக்குத் தெரிந்து ஆலமரத்தடியில் நெல்லு விளைந்து நான் பார்த்ததில்லை தாயே! (கைதட்டல்) நெல்லுக்கு வெயில் வேண்டும். வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அதே தண்ணீரை நிலக்கடலைக் காட்டில் நிறுத்துங்கள், அழுகிப் போகும். நெல்லு உயர்ந்தது, கடலை தாழ்ந்தது என்று இதற்கு அர்த்தமா? எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தாவுக்கு இது தெரிந்திருந்தது. நாம் எல்லோரும் படித்துவிட்டோம் இல்லையா, அதனால் மறந்துவிட்டோம்.

நம் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் என்ன செய்கிறோம்? ஜாதகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜோசியர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறோம். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், ராசிப் பொருத்தம், வசியப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பத்தும் பொருந்திவிட்டால் சும்மா இருக்கிறோமா? சொந்தக்காரன் ஒருத்தனைக் கிளப்பி விட்டு, மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஆபீஸுக்கு எதிர்த்த டீக்கடையில் விசாரிக்கச் சொல்கிறோம். "பையன் எப்படி? சாயங்காலம் எங்கே போறான்? யாரோட போறான்?" அவ்வளவு விவரம்! அதே வீட்டில், அதே பிள்ளையை மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஒரு கல்லூரியில் கொண்டுபோய் விடும்போது எத்தனை பொருத்தம் பார்க்கிறோம்? ஒன்று! "பேரு நல்ல பேரு!" அவ்வளவுதான். பெட்டியைக் கட்டு! (கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒருவர் சொன்னார்: "இப்பதான் எல்லாம் கவுன்சலிங் ஆகிப்போச்சே சார், அதிலே என்ன பொருத்தம் பார்க்கிறது?" நல்ல கேள்வி. பொறியியல் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு வந்தது 1997இல். நியாயமான ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். 2018இல் அது ஆன்லைனுக்கு மாறுவதற்கு முன்னால் ஊர் ஊராகக் கிளம்பிக் கிண்டிக்குப் போவார்கள். ஒரு வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குத் துணையாக நானும் போனேன். அப்பா மில் தொழிலாளி. ராத்திரி பஸ்ஸில் ஏறி, காலையில் கோயம்பேட்டில் முகம் கழுவி, அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்தோம். பெரிய திரையிலே எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை குறைகிறது. வயிற்றைக் கலக்குகிறது.

பையன் யார் தெரியுமா? பன்னிரண்டு வயதிலிருந்து அவன் பம்புசெட் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன். எங்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். "மெக்கானிக்கல் எடுக்கணும் சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே போனோம். எங்களுக்கு முன்னால் போன குடும்பம் வெளியே வந்தது. அப்பா அவர்களைப் போய்ப் பிடித்துக்கொண்டார். "நீங்க எந்தக் காலேஜ் எடுத்தீங்க?" அவர்கள் ஒரு பேரைச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவுங்களுக்குக் குடுத்ததையே எம் பையனுக்கும் குடுத்திருங்க!" (சிரிப்பு)

ஐயா, ஹோட்டலில் பக்கத்து டேபிளுக்கு வந்த தோசையைப் பார்த்து நாம் ஆர்டர் பண்ணலாம். பிடிக்கவில்லை என்றால் போகிறது ஒரு தோசை. இது போகிறது நாலு வருஷம்! பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் அப்பா முகத்தைப் பார்த்தேன். வாத்தியாராகிய நானும் வாயைத் திறக்கவில்லை. பேர் பெரிய பேர் அல்லவா! அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடிந்துவிட்டது. வேறு எதுவோ கிடைத்தது. மோட்டாரைக் கழற்றுகிற கை நாலு வருஷம் பிடிக்காத பாடத்தை எழுதியது.

இப்போது எல்லாம் ஆன்லைன். முன்னேற்றம்தான். ஆனால் நடப்பது என்ன? பிரௌசிங் சென்டர் தம்பி உட்கார்ந்து, போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே இருந்து கீழே வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறான். "நூறு காலேஜ் போட்டாச்சு சார்! எது வந்தாலும் உங்க அதிர்ஷ்டம்!" (சிரிப்பு) அந்தக் கட்-ஆஃப் எதற்கு? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. ஆசைக்கு எத்தனை மார்க்? பழக்கத்துக்கு எத்தனை? ஊரை விட்டு, அம்மாவை விட்டு இந்தப் பிள்ளை இருக்குமா என்பதற்கு எத்தனை? அது கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை இல்லை. நாம் பார்க்கிற வேலை.

பேரைப் பற்றி ஒரு வார்த்தை. 'நாக்' தர மதிப்பு என்கிறார்கள். வாசலில் ஆர்ச்சு கட்டி எழுதி வைக்கிறார்கள். அது முழுக் கல்லூரிக்குக் கிடைத்த மார்க். உங்கள் பிள்ளை முழுக் கல்லூரியிலுமா படிக்கப் போகிறது? ஒரு துறையில்தானே! பொறியியலில் அந்தந்தப் படிப்புக்கென்றே தனியாக அங்கீகாரம் கொடுக்க 'என்.பி.ஏ.' என்று வேறு ஒன்று இருக்கிறது. அதை எத்தனை பேர் கேட்கிறோம்? அண்ணா பல்கலைக்கழகமே தன்னிடம் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. எத்தனை பேர் பார்க்கிறோம்? பைபாஸ் ரோட்டில் பெரிய போர்டு. பத்துப் பிள்ளைகளின் படம். 'இத்தனை லட்சம் சம்பளம்' என்று கொட்டை எழுத்து. சரி, அந்தப் பத்துப் பேர் இங்கே இருக்கிறார்கள். மீதி அறுநூறு பேர் எங்கேய்யா? (பலத்த கைதட்டல்) 2016 முதல் மத்திய அரசு வெளியிடுகிற தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் தாங்களே கொடுத்த கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள், சம்பளத்தில் நடு அளவு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். சரி, இது எண்ணிக்கைச் சமாசாரம், என் துறை இல்லை. மேலே போகிறேன்.

எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து ஒரு சவால் விட்டார். "சரித்திரத்தில் ஓர் உதாரணம் காட்டுங்கள். பேர் பெற்ற கல்லூரி ஒருத்தனைக் கைவிட்டது என்று காட்டுங்கள்" என்றார். ஐயா, நான் எங்கேயும் போக வேண்டாம். கும்பகோணத்துக்குப் போனால் போதும்.

கும்பகோணம் அரசுக் கல்லூரி. 1854இல் தோன்றியது. சாதாரணக் கல்லூரியா அது? 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்றே அதற்குப் பேர்! தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்த இடம். அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப்போன மறு வருஷம், 1904இல், அதே ஊர்ப் பையன் ஒருவன் அங்கே சேருகிறான். பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கியவன். உபகாரச் சம்பளத்தோடு வந்தவன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அம்மா கை தயிர்சாதம். காவேரிக் குளியல். சாரங்கபாணி கோயில் தெருவில் வீடு. எல்லாம் பொருத்தம். ஒன்றைத் தவிர. அவனுக்குக் கணக்கு மட்டும்தான் வேண்டும். கல்லூரிக்கோ எல்லாப் பாடமும் வேண்டும். மற்ற பாடங்களில் தோற்றான். உபகாரச் சம்பளம் போயிற்று. வீட்டை விட்டே ஓடிப்போனான். பிறகு 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. பையனின் பெயர் சீனிவாச ராமானுஜன்! (கைதட்டல்)

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1913இல் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் கப்பல். தென்னிந்தியக் கேம்பிரிட்ஜில் தேறாதவர் அசல் கேம்பிரிட்ஜுக்கே போய்ச் சேர்ந்தார், டிரினிடி கல்லூரியில். அங்கே படிப்புப் பொருத்தம் எப்படி? பத்துக்குப் பத்து! உலகத்திலேயே அவர் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், அதே ஆண்டு டிரினிடியின் ஃபெல்லோ.

(நடுவர்: "அதைத்தானேய்யா எதிரணியும் சொல்லுது? பேர் பெற்ற கல்லூரிக்குப் போனதாலேதானே ராமானுஜன் ராமானுஜன் ஆனார்?")

கேட்பீர்கள் என்று தெரியும் ஐயா. அதற்குத்தான் பாதியில் மூச்சு வாங்கினேன். (சிரிப்பு) போயிருக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. போகத்தான் வேண்டும். ஆனால் 1914இல் போனார், அந்த ஆகஸ்டிலேயே முதல் உலகப் போர் வந்துவிட்டது. சைவச் சாப்பாட்டுக்காரர். காய்கறி கிடைப்பது கஷ்டம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அறையிலே தானே சமைத்துக்கொண்டார். அதுவும் வேலைக்கு நடுவே நினைத்த நேரத்தில். குளிர். பேச்சுத் துணை இல்லை. ஊரிலிருந்து வருகிற கடிதமும் குறைந்துபோயிற்று. 1917இலிருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்தார் அந்த மேதை. ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். அந்த வருஷம்தான், ஐயா, நாம் இப்போது கைதட்டிய ராயல் சொசைட்டி வருஷம். ஒரே வருஷம்! 1919இல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26இல் போய்விட்டார். வயது 32.

கும்பகோணத்தில் சோறு பொருந்தியது, படிப்பு பொருந்தவில்லை. கேம்பிரிட்ஜில் படிப்பு பொருந்தியது, சோறு பொருந்தவில்லை. ஹார்டி அவருக்குக் கணக்கில் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கை, 'இந்தப் பிள்ளை இன்னைக்கு என்ன சாப்பிட்டான்' என்று கேட்க அங்கே ஓர் ஆள் கொடுத்திருந்தால்? நான் தமிழ் வாத்தியார், கணக்கு எனக்கு வராது. ஆனால் 32 ரொம்பக் குறைந்த எண் என்பது எனக்கும் தெரியும். (கைதட்டல்)

இந்தச் சோற்றுச் சமாசாரம், பேச்சுச் சமாசாரம் எல்லாம் சின்ன விஷயம் என்று எதிரணியினர் நினைக்கிறார்கள். "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். யாருக்குப் பழகும்? அப்பாவும் அம்மாவும் பட்டதாரிகளாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பழகும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கு?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஏழரை சதவீத இடம் என்று 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும் என்றார்கள். 2022இல் மாணவிகளுக்கும் 2024இல் மாணவர்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டம் வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியங்கள். பெரிய பேர் வாங்கிய கல்லூரிகளின் கதவு, பேரே கேள்விப்படாத ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்தது. கதவு திறந்தாயிற்று. உள்ளே போனால்? பன்னிரண்டு வருஷம் 'முக்கோணவியல்' என்று படித்தவனுக்கு முதல் நாள் வகுப்பில் 'டிரிக்னாமெட்ரி' என்கிறார்கள். அவன் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினவன் ஐயா! ஆனால் அது என்ன பாடம் என்றே தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். (கைதட்டல்) சந்தேகம் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பானோ என்று கேட்பதில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். ஊரில் என்ன நினைக்கிறார்கள்? "பட்டணத்துக்குப் போய் பையன் கெட்டுப்போயிட்டான்!"

அந்தப் பிள்ளை அங்கே போகக்கூடாது என்று யாராவது சொன்னால் நானே முதல் ஆளாக எதிர்த்து நிற்பேன். அவன் போகணும். ஆனால் பொருத்தம் என்றால் பிள்ளை மட்டும் வளைந்து கொடுப்பதா? கல்லூரியும் கொஞ்சம் வளையணும் இல்லையா? தமிழ்வழியில் வந்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதம் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? வகுப்பு முடிந்த பிறகு அறைக்கு வந்து சந்தேகம் கேட்கலாம் என்று சொல்கிற ஆசிரியர் அந்தத் துறையில் ஒருத்தராவது இருக்கிறாரா? தமிழிலேயே சிவிலும் மெக்கானிக்கலும் படிக்கலாம் என்று 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியபோது எவ்வளவு பேர் கேலி பேசினார்கள்! இதையெல்லாம் சேருமுன் கேட்கணும். பீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

எப்படிக் கேட்பது என்று கேட்கிறீர்களா? மாப்பிள்ளைக்கு டீக்கடையில் விசாரித்தோமே, அதே முறைதான்! கல்லூரி விழா நாளில் போகாதீர்கள். அன்றைக்குப் பன்னீர் தெளிப்பார்கள். (சிரிப்பு) சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். உங்கள் பிள்ளை சேரப் போகிற துறையிலேயே இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகளைப் பிடியுங்கள். "தம்பி, போன வாரம் எத்தனை வகுப்பு நடந்துச்சு? லேபிலே நீங்களே கையாலே செய்யறீங்களா, தூரத்திலே நின்னு பார்க்கிறீங்களா? லைப்ரரி எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க? ஹாஸ்டல்லே தண்ணி வருதா? ஞாயித்துக்கிழமை ராத்திரி என்ன போடுறாங்க? சீனியர்ப் பசங்க எப்படி?" 1997இல் ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, ஓர் உயிர் போன பிறகு. சட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பஸ் ஸ்டாப்பில் கேளுங்கள். பதிலைக் கேட்காவிட்டாலும் பையன் முகத்தைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'பொருத்தம்' என்றவுடனே சில அப்பாக்கள் உள்ளுக்குள் சந்தோஷப்படுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. "நானும் அதைத்தான் சார் சொல்றேன். பொம்பளைப் பிள்ளை, பக்கத்து ஊர்க் காலேஜ்தான் பொருத்தம்!" இல்லை ஐயா! அதற்குப் பேர் பொருத்தம் இல்லை, அது உங்கள் பயம். என்னிடம் படித்த ஒரு பெண். தமிழ் இலக்கணம் என்றால் உயிர். எழுத்து, சொல் என்று நான் நடத்தினால், "ஐயா, மத்த பாஷையிலே இது எப்படி இருக்கும்?" என்று கேட்பாள். பதில் எனக்கே தெரியாது. மொழியியல் படிக்க வேண்டிய பிள்ளை. அதற்கு இடமும் கிடைத்தது, வேற்று மாநிலத்தில். வீட்டில், "உள்ளூரிலே பி.எட். சேரு, போதும்" என்றார்கள். நான் அந்த வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை காப்பிகூடக் கொடுக்கவில்லை. (சிரிப்பு) கடைசியில் அந்தப் பெண்ணின் பாட்டிதான், எண்பது வயதுக் கிழவி, "போயிட்டு வரட்டும் விடுங்கடா. எனக்குத்தான் வாய்க்கலை" என்றாள். போனாள். அங்கே பாஷை வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. ஆனாலும் அவளுக்கு அங்கேதான் பொருந்தியது. ஏன் என்றால், அவள் கேட்கிற கேள்வியை அங்கே இருந்த இருபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! (பலத்த கைதட்டல்) எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இப்படி ஊரார் பிள்ளைக்காக மூன்று முறை நடந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே, என் சொந்தப் பிள்ளைக்கு என்ன செய்தேன் என்று நடுவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே பேசுகிறேன். நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பிளஸ் டூ முடித்தது 2010இல். இயற்பியல்தான் படிப்பேன் என்றாள். இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒன்று எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். பேர் சுமார். ஆனால் அந்தத் துறையில் ஓர் ஆசிரியர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வந்தவர். இவள் செய்து வைத்திருந்த தொலைநோக்கியைக் கழற்றிப் பார்த்து, "நீ என்கிட்ட வாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர். இன்னொன்று பெரிய நகரத்தில் பெரிய பேர் வாங்கிய கல்லூரி. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? இன்றைக்கு இந்த மேடையில் இத்தனை பேசுகிற நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? பேரை! ஆசிரியர் அறையில் போய் அந்தப் பேரைச் சொன்னேன். அன்றைக்கு எல்லோருக்கும் டீ நான் வாங்கிக் கொடுத்தேன். அந்த டீ எனக்கு அவ்வளவு இனித்தது. "எனக்கு இங்கேயே படிக்கலாமான்னு இருக்குப்பா" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவை. "போகப் போகப் பழகிடும்மா" என்றேன்.

மாதம் ஐநூறு ரூபாய் அனுப்புவேன், கைச்செலவுக்கு. எங்கள் வீட்டுக் கணக்கில் அது தாராளம். முதல் வருஷம் பொங்கலுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் அம்மா கேட்டதற்கு, "சனிக்கிழமை சனிக்கிழமை விரதம் இருக்கேம்மா" என்றாள். எனக்கு உள்ளம் பூரித்துப்போயிற்று. நகரத்துக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறார்களே, என் மகளுக்குப் பக்தி வந்திருக்கிறது பாருங்கள் என்று, அதையும் ஆசிரியர் அறையில் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா என்னால்? படிப்பை முடித்தாள். ஓர் அரியர் வைத்து எழுதி முடித்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் இந்தப் பட்டிமன்றத் தலைப்பு வந்ததும் அவளுக்குப் போன் பண்ணினேன். "எந்த அணிப்பா?" என்றாள். "பொருத்தம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்: "அப்பா, நான் சனிக்கிழமை விரதம் இருப்பேனே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு?" என்றேன்.

"விரதமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. என் ரூம்ல இருந்த மூணு பேரும் சனிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பிடப் போவாங்க. நல்ல பிள்ளைங்கதான், வா வான்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு தடவை போனேன். என் பங்கு நூத்தி அறுபது ரூபாய் வந்துச்சு. அடுத்த வாரத்திலேருந்து விரதம்னு சொல்லிட்டேன்."

"அப்படின்னா ஹாஸ்டல் மெஸ்ஸிலே போய்ச் சாப்பிட்டிருக்கலாமேம்மா?"

"அதெப்படிப்பா? மெஸ்ஸிலே சாப்பிட்டா விரதம் பொய்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருமே!"

(அரங்கில் அமைதி)

மூன்று வருஷம், ஐயா. சனிக்கிழமைகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரியின் தரத்தை விசாரித்தேன், ரிசல்ட்டை விசாரித்தேன், பேராசிரியர்களின் பட்டங்களை விசாரித்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவளும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.

(நீண்ட கைதட்டல்)